ஒட்டுச் சோதனை தந்த யாடசோன்

நோயாளியின் முதுகையே ஆய்வுக்கூடமாக்கிய மருத்துவர் ஒருவர் இருந்தார். யோசப் யாடசோன் என்பது அவர் பெயர். 1863 செப்டம்பர் 10ஆம் நாள், அன்றைய பிரஷ்யாவின் லீக்னிட்ஸ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். மருத்துவம் பயின்றபின் பிரெஸ்லாவில் ஆல்பர்ட் நைசரிடம் உதவியாளரானார். வெட்டை நோய்க் கிருமியை 1879இல் கண்டறிந்த நைசர்தாம் அவர்.

அந்நாளில் மேகநோய்க்குப் பாதரசமே மருந்து. அதனைப் பூசிக்கொண்டோரில் சிலருக்கு உடம்பெங்கும் கரப்பான் எழுந்தது. மருந்து மிகுந்ததாலா, அல்லது அந்த உடம்புக்கே அது ஆகாததாலா? யாடசோன் அத்தகையோரின் நலமான தோலில் சிறிது பாதரசப் பிளாஸ்திரியை ஒட்டிவைத்தார். ஒட்டிய இடத்தில் மட்டும் கரப்பான் எழுந்தது! 1895இல் கிராட்ஸ் நகரில் கூடிய ஜெர்மானியத் தோல் மருத்துவர் மாநாட்டில் இதனை அறிவித்தபோது அவருக்கு வயது 32. அலர்ஜி என்னும் சொல்லே 1906இல்தான் பிறந்தது என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பு மிகுகிறது.

1896இல் பெர்ன் சென்று பேராசிரியரானார். 1917இல் ஆசானின் இடத்திற்கே திரும்பினார். 1931இல் ஓய்வு. ஹிட்லர் ஆட்சியில் யூதர் வாழ்வு சிதைந்த காலத்தில், 1936 மார்ச் 24 அன்று சூரிச் நகரில் கண்மூடினார்.

அவருக்கும் நம் அச்சரப்பாக்கத்திற்கும் என்ன தொடர்பு என்பீர்கள். சாலையோரத்தில் வெண்பூவோடு மண்டிக்கிடக்கும் பார்த்தீனியத்தைப் பாருங்கள். 1956 வாக்கில் புனேயில் பதிவான இவ்வயல்நாட்டுக் களை, இந்தியா எங்கும் பரவிவிட்டது. சாமந்தி, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் காய்ந்த துகள் காற்றில் பறப்பதால், செடியைத் தொடாதவர்க்கும் இமையும் கழுத்தும் முழங்கை மடிப்பும் தடித்துக் கறுக்கும். வெயில் என்பர் சிலர். கத்தரிக்காய் என்பர் சிலர்.

உண்மையைச் சொல்வது யாடசோன் வழிதான். பக்குவப்படுத்திய செடிச்சாற்றைச் சிறு அலுமினியக் கிண்ணிகளில் இட்டு முதுகில் ஒட்டுவார்கள். இரண்டு நாள் நனைக்கலாகாது. பிரித்துப் பார்த்து, மீண்டும் ஓரிரு நாள் கழித்தும் பார்ப்பார்கள். (பச்சிலையை அரைத்து நாமே ஒட்டிப் பார்ப்பது ஆபத்து; தோல் புண்ணாவதோடு, இல்லாத ஒவ்வாமையும் வந்து சேரலாம்.)

எங்கள் தெருவில் பூக்கட்டிப் பிழைக்கும் அக்காள் ஒருவருக்கு விரல்கள் வெடித்தன. பூத்தொழிலையே விட்டுவிடும்படி பலரும் கூறினர். அடுப்பு எரிய வேண்டாமா? நகரத்து மருத்துவமனையில் ஒட்டிப் பார்த்ததில் பார்த்தீனியத்திற்கும் சாமந்திக்கும் மட்டுமே தோல் சிவந்தது. சாமந்தியை விட்டுவிட்டார். மல்லிகை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதைக் கட்டி விற்கிறார்.