பழவேற்காடு டூர் போறீங்களா? கால்வாய்க்குப் பெயர் கொடுத்த கவர்னரையும் தெரிஞ்சுக்கோங்க!

ஆபீஸ் நண்பர்களோ அப்பார்ட்மென்ட்காரர்களோ சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து பழவேற்காடு போகிற பிளானில் இருக்கீங்களா? டச்சுக் கல்லறை, பூநாரைக் கூட்டம், நண்டு வறுவல், தோணிரேவுப் பெண்கள் பின்னும் பனை ஓலைக் கூடை என்று லிஸ்ட் ரெடியாக இருக்கும். தீவு பார்க்கப் படகு ஏறுவதற்கு முன் ஒரு விஷயம். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அனுமதி உண்டா, லைஃப் ஜாக்கெட் உண்டா என்று கேட்காமல் காலை வைக்காதீங்க.

லிஸ்ட்டில் பக்கிங்காம் கால்வாயையும் சேர்த்துக்கோங்க. ஆமாம், சென்னையில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமே, அதே கால்வாய்தான். பழவேற்காடு ஏரிக்குள் புகுந்து வடக்கே ஆந்திரா வரைக்கும் போகிறது. மொத்த நீளம் 800 கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. இத்தனை பெரிய கால்வாய்க்குப் பெயர் கொடுத்த அந்த பக்கிங்காம் யார்?

முழுப் பெயரைச் சொன்னால் மூச்சு வாங்கும். சுருக்கமாக, மூன்றாம் பக்கிங்காம் பிரபு ரிச்சர்ட். 1823-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கோடீஸ்வரக் குடும்பம்தான், ஆனால் அப்பா ஊதாரி. பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் கடன். 1848-ல் அவர்களுடைய ஸ்டோவ் மாளிகையின் சாமான்கள் 40 நாள் ஏலத்தில் போயின. ஊரே வேடிக்கை பார்த்தது. அப்போது ரிச்சர்டுக்கு 25 வயதுகூட ஆகவில்லை.

அந்த வயசில் மானம் போனால் சிலர் குடிப்பார்கள், சிலர் ஓடிப்போவார்கள். இவர் வேலைக்குப் போனார். 30 வயதில் லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் என்ற பெரிய ரயில்வே கம்பெனிக்குச் சேர்மன் ஆகி, 1861 வரை அதை நடத்தினார். அப்புறம் அமைச்சர் பதவி. தன் எஸ்டேட்டுக்கு என்றே சொந்தமாக ஒரு குட்டி ரயில் பாதையும் போட்டுக்கொண்டார். ரயில் பைத்தியம் என்றே சொல்லலாம்.

1875-ல் மதராஸ் மாகாண கவர்னராக வந்து இறங்கினார். மனைவி அதற்கு முந்தைய வருஷம்தான் இறந்திருந்தார். அடுத்த வருஷமே மழை பொய்த்தது. நம் பாட்டன் பூட்டன் காலத்துக் கதைகளில் வருகிற தாது வருஷப் பஞ்சம் அதுதான். 1876 முதல் 1878 வரை இந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதில் மதராஸ் மாகாணம் வாங்கிய அடி மிகப் பெரியது. துறைமுகத்திலிருந்து தானியம் ஏற்றுமதியாவது மட்டும் நிற்கவில்லை.

பக்கிங்காம் என்ன செய்தார்? ஆரம்பத்தில் ஒரு தனியார் கம்பெனி மூலமாக 30,000 டன் தானியம் வாங்கச் சொன்னார். வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது என்று வைஸ்ராய் லிட்டன் கடுகடுத்தார். 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பிவைத்தார். டெம்பிள் வந்து நிவாரணக் கூலியை வெட்டினார். நாள் முழுக்க மண் வெட்டுகிற ஆளுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியம், அதோடு கொஞ்சம் சில்லறை. கணக்கு போட்டுப் பாருங்க, அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதில் உயிர் நிற்காது என்று சண்டை போட்டார். கடைசியில் பக்கிங்காம் அரசு கார்னிஷ் பக்கம் சாய்ந்து கூலியைக் கூட்டியது. அந்த ஆகஸ்ட்டில் மதராஸில் பொதுக்கூட்டம் கூட்டி இங்கிலாந்திடம் உதவி கேட்க, லண்டனில் லட்சக்கணக்கான பவுண்டு வசூலானது.

இதற்காக அவரை வள்ளல் ஆக்கிவிட வேண்டாம். நிவாரண வேலை என்பதே பட்டினி கிடப்பவரிடம் உழைப்பை வாங்கிக்கொண்டு சோறு போடுவதுதான். ஆனால், மேலே இருந்தவர்களோடு ஒப்பிட்டால் இவர் கொஞ்சம் இரங்கியவர் என்று எனக்குத் தோன்றுகிறது.

கால்வாய் வருவது இந்த இடத்தில்தான். பழவேற்காட்டில் நீங்கள் பார்க்கப்போகிற பகுதியை இவர் வெட்டவில்லை. சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் 1806-லேயே பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வியாபாரியின் கால்வாய் வந்துவிட்டது. அதைத்தான் பிறகு பழவேற்காட்டுக்கும், அதைத் தாண்டியும் நீட்டினார்கள். விடுபட்டுப் போயிருந்தது சென்னைக்குள், கூவத்துக்கும் அடையாறுக்கும் நடுவே இருந்த 8 கிலோமீட்டர். பஞ்சத்தில் ஊரை விட்டு வந்தவர்கள் வெட்டியது அந்த இணைப்பைத்தான். 1878-ல் வடக்கும் தெற்கும் சேர்ந்த மொத்தக் கால்வாய்க்கும் கவர்னரின் பெயர் சூட்டப்பட்டது. வெட்டிய ஆட்களில் ஒருவர் பெயர்கூட எங்கேயும் இல்லை.

1880-ல் அவர் ஊர் திரும்பினார். மூன்று பெண் குழந்தைகள், ஆண் வாரிசு கிடையாது. 1889-ல் இறந்தபோது அந்தப் பிரபுப் பட்டமும் அவரோடு முடிந்தது. ஏலம் போன ஸ்டோவ் மாளிகை இப்போது ஒரு பள்ளிக்கூடம்.

கால்வாய் மட்டும் ரொம்ப காலம் உழைத்தது. சென்னை அடுப்புகளுக்கு ஆந்திராவிலிருந்து விறகு வந்ததும், உப்பு வந்ததும் இதில்தான். நம்மை மாதிரியே குரூப் டூர் போனவர்களும் உண்டு. பாரதிதாசன் நண்பர்களோடு படகில் மாமல்லபுரம் போனார். அந்தப் பயணம்தான் ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதை ஆனது. அப்புறம் லாரிகள் வந்தன. 1966, 1976 புயல்கள் கரையைச் சிதைத்தன. படகு நின்றது, சாக்கடை சேர்ந்தது. 2004 சுனாமியில் கடல் தண்ணீரை வாங்கிக்கொண்டு சில ஊர்களைக் காப்பாற்றியதும் இதே கால்வாய்தான்.

பஞ்சத்தில் வெட்டிய அந்த 8 கிலோமீட்டரைப் பார்க்கணும் என்றால் பழவேற்காடு வரை போகவே வேண்டாம். டூர் முடிந்து திரும்பியதும் பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்திலிருந்து மந்தைவெளி வரை ஒரு டிக்கெட் எடுங்க. திருமயிலை ஸ்டேஷனில் இறங்கி எட்டிப் பாருங்க. ரயில்வே சேர்மனாக இருந்தவரின் கால்வாய், ரயில் பாதைத் தூண்களுக்கு நடுவே கறுப்பாகத் தேங்கிக் கிடக்கும்.