எழுத்தறியாத கல்வித் தொண்டர் அய்யன்காளி

கற்றவர் கல்விக்குத் தொண்டு செய்தல் இயல்பு. ஓரெழுத்தேனும் கற்கும் வாய்ப்பைப் பெறாத ஒருவர், ஏழை மக்களின் பிள்ளைகள் கற்க வேண்டும் என்பதற்காகத் தம் வாழ்நாளையே செலவிட்டார் எனின், அஃது அரிதினும் அரிதன்றோ! அத்தகைய பெருமகனார் ஒருவர் தென் திருவிதாங்கூரில் வாழ்ந்தார். அவரே அய்யன்காளி.

யான் புலவன் அல்லன். பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திப் புகைவண்டி இலாகாவில் எழுத்தனாய்ப் பணிபுரிபவன். நெய்யாறு கடலொடு கலக்கும் பூவாற்றை அடுத்த பொழியூர் என் சொந்த ஊர். தமிழும் மலையாளமும் ஒரு முற்றத்தில் ஒலிக்கும் எல்லைப்புறம் அது. அப்பகுதியில் பிறந்தவன் என்னும் உரிமையாலேயே இவ்வரலாற்றை ஆண்டு மலரில் எழுதத் துணிந்தேன்.

அய்யன்காளி 1863ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், விழிஞத்தை அடுத்த வெங்ஙானூரில் பிறந்தார். தந்தையார் அய்யன், தாயார் மாலா. அவர் பிறந்த புலையர் குலத்தார் அந்நாளில் வயலில் உழைத்து ஊருக்குச் சோறிட்டனர். ஆயினும் பொதுச் சாலையில் நடக்கும் உரிமை அவர்க்கு இல்லை. சந்தைக்குள் நுழைதல் தடுக்கப்பட்டது. அவர்தம் பிள்ளைகட்குப் பள்ளிக்கூடத்தின் வாயிற்படி எட்டாத மலையாய் இருந்தது. அய்யன்காளியும் அவ்வாறே எழுத்தறியாமல் வளர்ந்தார்.

முப்பது வயதில், 1893ஆம் ஆண்டு, அவர் ஒரு வில்வண்டி வாங்கினார். காளைகளின் கழுத்தில் மணி ஒலிக்க, தலையில் பாகை அணிந்து, தடை செய்யப்பட்ட பொதுச் சாலையிலே வண்டியைச் செலுத்தினார். அடி விழுந்தது, அவரும் திருப்பி அடித்தார். வழியைத் திறந்த பின்னரே அவர் ஓய்ந்தார். அவ்வழி எங்கே செல்ல வேண்டும் என்பதிலும் அவருக்கு ஐயம் இருக்கவில்லை. அது பள்ளிக்கூடத்துக்குச் செல்ல வேண்டும்.

இங்கே தமிழராகிய நாம் மகிழ்தற்குரிய செய்தி ஒன்றுண்டு. திருவனந்தபுரம் ரெசிடென்சியில் அலுவல் பார்த்த தைக்காட்டு அய்யாவு சுவாமிகள் தமிழர். சாதி வேற்றுமை பாராது எல்லாரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உணவளித்த துணிவுடையார். 1909இல் மறைந்த அப்பெரியாரின் தொடர்பு அய்யன்காளிக்கு ஊக்கம் தந்தது.

1904ஆம் ஆண்டு, வெங்ஙானூரில் தம் குலத்துப் பிள்ளைகட்காக அய்யன்காளி ஒரு குடிப்பள்ளிக்கூடம் தொடங்கினார். ஓலைக் கூரையும் மணலுமே அதன் செல்வம். பகைவர் அதனைத் தீக்கிரையாக்கினர். அவர் மீண்டும் கட்டினார்.

1907இல் சாதுஜன பரிபாலன சங்கம் தோன்றியது. சாதுஜனம் என்பது ஏழை எளியோரைக் குறிக்கும். ஊர்தோறும் கிளைகள் எழுந்தன. வாரத்தில் ஆறு நாளே வேலை, ஞாயிறு ஓய்வு என்னும் கோரிக்கையை அச்சங்கம் முன்வைத்தது. அந்த ஓய்வு நாளிலே மக்கள் கூடித் தம் குறைகளை ஆராய்ந்தனர். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினர்.

புலையர் பிள்ளைகளைப் பள்ளிகளில் சேர்க்கலாம் எனச் சர்க்கார் உத்தரவு பிறந்தும், அது காகிதத்திலேயே உறங்கிற்று. கீழ் அதிகாரிகள் அதனை நடைமுறைக்குக் கொணரவில்லை. கற்றறிந்தோரிலும் எதிர்ப்பு இருந்தது. நெய்யாற்றின்கரையிலே பிறந்து, மன்னராட்சியின் குறைகளை அஞ்சாது எழுதி 1910இல் நாடு கடத்தப்பட்ட சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளையே, அவ்வாண்டில் இப்பிள்ளைகளை ஏனையோருடன் ஒரே வகுப்பில் அமர்த்தலாகாது என வாதிட்டார். அரசை எதிர்க்க அஞ்சாத பேனாவும் சாதியின் முன் தயங்கிற்று என்பதைக் காணும்போது, அய்யன்காளி எதிர்த்து நின்ற சுவரின் உயரம் நமக்கு விளங்கும்.

பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடின் வயலில் இறங்க மாட்டோம் என்று அவர் தம் மக்களைக் கொண்டு வேலைநிறுத்தம் செய்வித்தார். கூலி உயர்வும் கேட்டனர். எனினும் பிள்ளைகளின் படிப்பே தலையாய கோரிக்கை. கூலிக்காக மட்டுமன்றி எழுத்துக்காகவும் ஏழை உழவர் மண்வெட்டியைக் கீழே வைத்த செய்தி உலக வரலாற்றிலேயே அரிதாகும். வயல்களில் களை மண்டியது. குடிசைகளில் அடுப்பு எரியவில்லை. அந்நிலையில் விழிஞம் கடற்கரை மீனவர் கை கொடுத்தனர். படகுக்கு ஒருவராக உழவரைத் தம்முடன் ஏற்றிச் சென்று, கிடைத்த மீனில் பங்கும் அளித்தனர். எங்கள் பொழியூரைப் போன்றே கடலை நம்பி வாழும் ஊர் விழிஞம். அலையில் ஒரு நாள் வருவாய் உண்டு, மறுநாள் இல்லை. அத்தகையோர் தம் பங்கைப் பகிர்ந்ததும் கல்வித் தொண்டே என்பது என் துணிபு. முடிவில் நீதிபதி கண்டலை நாகம் பிள்ளை நடுநின்று பேசி, உழவர்க்கு இணக்கமான உடன்பாடு கண்டார்.

ஆயினும் போராட்டம் முடிந்தபாடில்லை. ஊரூட்டம்பலம் என்னும் ஊரிலுள்ள பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார் அய்யன்காளி. உத்தரவு கையில் இருந்தது. பஞ்சமி ஒரு பெஞ்சில் அமர்ந்தாள். அவள் அமர்ந்ததைப் பொறாதவர் கலகம் விளைத்தனர். பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தனர். ஒரு சிறுமி உட்கார்ந்தாள் என்பதற்காகத் தம் பிள்ளைகளும் படித்த பள்ளியை எரித்தனர்! அத்தீயில் கருகிய பெஞ்சு ஒன்று அங்கே இன்றும் காக்கப்படுகிறது. 2022ஆம் ஆண்டு அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரும் சூட்டப்பட்டன. பாறசாலை வழியாய்ச் செல்லும் அன்பர்கள் ஒருமுறையேனும் அதனைக் கண்டு வருவார்களாக.

வெங்ஙானூரில் சர்க்கார் இசைவுடன் பள்ளி அமைந்தபோது, கற்பிக்க ஆசிரியர் கிடைக்கவில்லை. திருவனந்தபுரம் கைதமுக்கைச் சேர்ந்த பரமேசுவரன் பிள்ளை என்பார் முன்வந்தார். உயர்சாதியிற் பிறந்தவர் அவர். வந்தால் ஊர்ப்பகை என்பதை அறிந்தே வந்தார். அவரைத் தாக்கப் பலர் காத்திருந்தனர். ஆகவே அய்யன்காளியின் தொண்டர் சிலர் அவரை அழைத்து வருவதும், பாடம் முடிந்தபின் காவலாய் உடன் சென்று விட்டு வருவதும் வழக்கமாயிற்று. அத்தொண்டர்கட்கு எழுத்துத் தெரியாது. தமக்குத் தெரியாத எழுத்தைத் தம் பிள்ளைகட்குக் கொண்டு வரும் ஒருவருக்கு நிழலாய் நடந்தனர். சர்க்கார் உத்தரவு பள்ளியைத் திறந்தது. அது மூடாமற் காத்தவை இந்த நடையாளர்களின் கால்களே.

ஸ்ரீமூலம் பிரஜா சபையில் 1912 முதல் அய்யன்காளி நெடுங்காலம் உறுப்பினராய் வீற்றிருந்தார். நிலம், கல்விக்கட்டணச் சலுகை, வேலைவாய்ப்பு எனத் தம் மக்களின் தேவைகளை ஆண்டுதோறும் அங்கே எடுத்துரைத்தார். 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது. அதனையடுத்து 1937 ஜனவரியில் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்தார். முதுமையுற்ற அய்யன்காளி அவரிடம் வெளியிட்ட விருப்பம், தாம் கண்மூடுமுன் தம் குலத்தில் பத்துப் பேராவது பி.ஏ. பட்டம் பெறக் காண வேண்டும் என்பதே. பொன்னும் பொருளும் பட்டமும் தமக்கென அவர் விரும்பினாரல்லர்.

1941 ஜூன் 18ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் 1980இல் அவர் சிலை திறக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி கேரளத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்று நால்வர் எழுத்தறிந்தோர். அக்கணக்கின் அடியில் வெங்ஙானூர்க் குடிப்பள்ளியின் சாம்பலும் கிடக்கிறது என்பதை மறவாதிருப்போம்.

அன்பர்களே! முன்பதிவுச் சாளரத்தில் அமர்ந்திருக்கும் எனக்கு ஓர் அனுபவம் அடிக்கடி நேர்கிறது. படிவத்தை என் முன் நீட்டிப் பெயரை நீங்களே எழுதிவிடுங்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்போர் இன்றும் வருகின்றனர். பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் வந்த கூலித் தொழிலாளர் அவருட் பலர். அவர்தம் பிள்ளைகள் மொழி புரியாமல் பள்ளியை விட்டு நின்றுவிடுகின்றனர். முன்பெல்லாம் யான் படிவத்தை நிரப்பித் தந்துவிட்டு அடுத்தவரை அழைத்துவிடுவேன். அய்யன்காளியின் வாழ்க்கையை அறிந்தபின் அவ்வாறு செய்ய மனம் ஒப்பவில்லை.

நாமும் ஊர்விட்டு வந்தவர்களே. ஆதலின் அவர்தம் துன்பம் நமக்குப் புதிதன்று. நம் சங்கத்தில் பட்டதாரிகள் உளர். என் போன்று பாதியில் நின்றவரும் உளர். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் எழுத்தும் கணக்கும் கற்பிக்கப் பெரும்புலமை வேண்டா. கற்பிக்க இயலாதார் பிள்ளைகளை அழைத்து வந்து, மீண்டும் வீட்டில் கொண்டு சேர்க்கலாம். அதுவும் சிறு தொண்டன்று என்பதை வெங்ஙானூர் நடையாளர்கள் காட்டிச் சென்றுள்ளனர். என் வார ஓய்வு நாளை இப்பணிக்கென ஒதுக்கச் சித்தமாயிருக்கிறேன். உடன் நடக்க வாருங்கள்.