காங்கேசன்துறை ஆலையும் ஒரு வாக்கும்: ஜி.ஜி. பொன்னம்பலத்தின் அமைச்சர் காலம்

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் வடக்கிலும் கிழக்கிலும் ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது. அரசாங்கத்தோடு சேர்ந்தால் தொழிற்சாலை வரும், பிள்ளைகளுக்கு வேலை வரும். விலகி நின்றால் என்ன வரும்? 2009இற்குப் பின்னர் இந்தக் கேள்வியோடு கொழும்பிலிருந்து வந்துபோன அமைச்சர்கள் பலர். ஆனால் கேள்வி பழையது. 1948இல் ஒரு தமிழ்த் தலைவர் இதற்குத் தன் அரசியல் வாழ்க்கையைப் பணயம் வைத்துப் பதில் சொன்னார். அவர் ஜி.ஜி. பொன்னம்பலம்.

1901 நவம்பரில் பிறந்தவர். வடமராட்சிக் குடும்பம். தகப்பனார் காங்கேசர் தபால் அதிபர். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தின் பொருளாதாரத்தை விளங்கிக்கொள்ள இந்த ஒரு விபரமே போதும். காணி குறைவு, ஆறு இல்லை, பெருந்தோட்டம் இல்லை. மிசன் பாடசாலையில் ஆங்கிலம் படித்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போவது, அதுவும் கொழும்புக்கோ மலாயாவுக்கோ போவது, இதுதான் நடுத்தரக் குடும்பங்களின் கைத்தொழில். பொன்னம்பலம் அதைத் தாண்டிப் போனார். கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் படித்து முதல் வகுப்பில் தேறினார். பின்னர் பாரிஸ்டர் ஆனார். குற்றவியல் வழக்குகளில் ஜூரிகளைத் தன் பக்கம் இழுக்கும் வல்லமையால் நாடு முழுவதும் பெயர் எடுத்தார்.

1934இல் மன்னார் – முல்லைத்தீவுத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். 1944இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸைத் தொடங்கினார். சிங்களவருக்குப் பாதி, ஏனைய இனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பாதி என்ற ‘ஐம்பதுக்கு ஐம்பது’ கோரிக்கையைச் சோல்பரி ஆணைக்குழுவின் முன் நீண்ட நேரம் வாதாடினார். ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. 1947 தேர்தலில் யாழ்ப்பாணத் தொகுதியில் அருணாசலம் மகாதேவாவைத் தோற்கடித்தார். மகாதேவா மீதான பெரிய குற்றச்சாட்டே டி.எஸ். சேனநாயக்கவோடு ஒத்துப்போனார் என்பதுதான். அதற்கு அடுத்த ஆண்டே பொன்னம்பலமும் அதே சேனநாயக்கவின் அமைச்சரவையில் அமர்ந்தார். எதிராளிகள் இதைச் சொல்லிக்காட்டாமல் விடவில்லை, விடவும் முடியாது.

அவருக்குக் கிடைத்தது கைத்தொழில், கைத்தொழில் ஆராய்ச்சி, மீன்பிடி அமைச்சு. அன்றைய இலங்கை தேயிலையையும் றப்பரையும் தேங்காயையும் விற்று, மற்ற எல்லாவற்றையும் கப்பலில் இறக்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கப்பல்கள் தடைப்பட்டதால் அரசு அவசரமாகத் திறந்த சிறு ஆலைகள், போர் முடிந்து இறக்குமதிப் பொருட்கள் திரும்பியதும் தள்ளாடின. தனியார் முதலாளிகள் தோட்டத்திலும் வியாபாரத்திலும் பணம் போட்டார்களே தவிர, பெரிய ஆலைகளில் போட முன்வரவில்லை. ஆகவே அரசே முதல் போட்டு ஆலை கட்டுவது என்பதுதான் கையில் இருந்த வழி.

பொன்னம்பலத்தின் பெயரோடு மூன்று ஆலைகள் சேர்த்துப் பேசப்படுகின்றன: காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் காகிதம். மூன்றையும் அவரே யோசித்துக் கண்டுபிடித்தார் என்பது மேடைப் பேச்சு. சீமெந்து ஆலைக்கான எண்ணம் அவருக்கு முன்பே அரசாங்கத் திட்டங்களில் இருந்தது. அவர் அமைச்சராக இருந்தபோது உற்பத்தி தொடங்கியதும் காங்கேசன்துறையில் மட்டும்தான், 1950இல். மற்ற இரண்டும் அவர் பதவியிழந்த பின்னரே ஓடத் தொடங்கின. இருந்தாலும், கோப்பில் இருந்த திட்டத்தை நிலத்துக்குக் கொண்டுவரவும் அது வேறெங்கும் நகர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும் அமைச்சரவையில் ஒரு ஆள் தேவை. அந்த ஆள் அவர்தான்.

இடத் தெரிவு வெறும் தொகுதி அரசியலும் அல்ல. காங்கேசன்துறையில் காலடியிலேயே சுண்ணக்கல் கிடந்தது. துறைமுகம் பக்கத்தில். வடபகுதிப் புகையிரதப் பாதை முடிவதும் அங்கேதான். களிமண் மட்டும் மன்னார் முருங்கனில் இருந்து வரவேண்டும். அது தலைமன்னார்ப் பாதையால் மதவாச்சிக்கு வந்து, அங்கிருந்து வடக்கே திரும்பி ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது. பரந்தனுக்கு ஆனையிறவு உப்பளம் கூப்பிடு தூரம். உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் பிரிக்கலாம். வாழைச்சேனையில் மட்டக்களப்பு வயல்களின் வைக்கோல் காகிதமானது. அறுவடைக்குப் பின் எரிக்கிற பொருளுக்கு ஒரு விலை பிறந்தது. இயற்கை விஞ்ஞானம் படித்த ஒருவர் இந்த அமைச்சில் இருந்தது வீண்போகவில்லை என்று எனக்குப் படுகிறது.

வேலை என்று பார்த்தால் இதன் பெறுமதி ஆலைக்குள் நின்றவர்களின் தொகையோடு முடிவதில்லை. கல் உடைத்தவர், லொறி ஓட்டியவர், விடுதி நடத்தியவர், குவாட்டர்ஸ் வாசலில் மீன் விற்றவர் என்று ஒரு சிறு பட்டினமே அந்தச் சம்பளத்தில் நின்றது. இன்னொன்று, உத்தியோகம் என்றால் பேனாதான் என்று பழகிய ஒரு சமூகத்தில் பிற்றர், வெல்டர், மின்னியலாளர் என்ற தொழில்களுக்கு மாதச் சம்பளமும் மரியாதையும் கிடைத்தன. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்து அரச அலுவலகக் கதவுகள் தமிழ் இளைஞருக்கு மெல்ல மெல்ல மூடியபோது, ஊருக்குள் இருந்த ஆலை எவ்வளவு பெரிய விடயம் என்பதை அந்தத் தலைமுறை சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம்.

ஆனால் விலை இருந்தது. அதை அவர் கொடுக்கவில்லை, மலையகம் கொடுத்தது.

1948 ஓகஸ்டில் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியபோது பொன்னம்பலம் எதிர்த்தே வாக்களித்தார். அவரது ஆதரவாளர்கள் இன்றுவரை இதைச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் செப்டெம்பரில் அவர் அமைச்சரானார். அதன்பின் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டமூலத்துக்கு அரசாங்கத்தின் பக்கம் நின்று ஆதரவளித்தார். அதே அமைச்சரவையில் இருந்த சி. சுந்தரலிங்கம் இந்த விவகாரத்தில் பதவியை விட்டு விலகினார்; பொன்னம்பலம் விலகவில்லை. ஏறத்தாழ ஏழு இலட்சம் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் நாடற்றவர்களாகி வாக்குரிமையையும் இழந்தார்கள். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கை உழைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த வருமானத்தில்தான் அரசு ஆலைகளும் கட்டியது.

எஸ்.ஜே.வி. செல்வநாயகம், கு. வன்னியசிங்கம், இ.எம்.வி. நாகநாதன் ஆகியோர் காங்கிரஸிலிருந்து பிரிந்து 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். குடியுரிமையோடு குடியேற்றமும் அவர்களுடைய குற்றச்சாட்டாக இருந்தது. கல்லோயாத் திட்டம் தொடங்கியதும் அதே 1949இல்தான். அதுவும் அபிவிருத்தி என்ற பெயரில் வந்ததுதான். கிழக்கின் குடிப்பரம்பலை மாற்றப்போகிற திட்டமும் வடக்குக்கு வேலை தரப்போகிற திட்டமும் ஒரே அமைச்சரவை மேசையில் இருந்தன. அந்த மேசையில் கைத்தொழில் அமைச்சரின் பேரம் எவ்வளவு தூரம் எட்டியது என்பதற்குக் கல்லோயாவே அளவுகோல்.

1952 மார்ச்சில் டி.எஸ். சேனநாயக்க இறந்தார். 1953 ஹர்த்தாலுக்குப் பின் டட்லி பதவி விலக, பிரதமரான சேர் ஜோன் கொத்தலாவல அந்த ஒக்டோபரிலேயே பொன்னம்பலத்தை அமைச்சரவையிலிருந்து வெளியேற்றினார். ஐந்தாண்டு இணக்கம் ஒரு பிரதமர் மாறியதோடு முடிந்தது. எழுத்தில் எந்த உத்தரவாதமும் வாங்கியிருக்கவில்லை.

பிறகு அவருடைய அரசியல் ஏறி இறங்கியது. 1956இல் தமிழரசுக் கட்சியின் அலைக்குள்ளும் யாழ்ப்பாணத்தைத் தக்கவைத்தார். 1960 மார்ச்சில் அல்பிரட் துரையப்பாவிடம் தோற்றார், 1965இல் மீண்டும் வென்றார், 1970இல் திரும்பவும் தோற்றார். எழுபதுகளில் பழைய எதிரிகள் ஒன்றுசேர்ந்தார்கள். தமிழர் விடுதலைக் கூட்டணியின் கூட்டுத் தலைமையில் செல்வநாயகமும் பொன்னம்பலமும் இருந்தார்கள். மூன்றாமவர் சௌமியமூர்த்தி தொண்டமான், வாக்குரிமை இழந்த மக்களின் தலைவர். 1976இல் அமிர்தலிங்கம் உள்ளிட்டோருக்கு எதிரான ‘ட்ரயல் அட் பார்’ வழக்கில் பொன்னம்பலம் எதிரிகளுக்காக நீதிமன்றம் ஏறினார். 1977 பெப்ரவரியில் காலமானார். செல்வநாயகம் ஏப்ரலில் போனார்.

ஆலைகள் அவருக்குப் பின்னரும் சில காலம் ஓடின. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் எழுந்து ஓடியபோது சீமெந்து ஆலையும் நின்றது. அதைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் எழுந்தது. பரந்தன் ஆலை ஆனையிறவுக்காக நடந்த சண்டைகளின் பாதையில் கிடந்து சிதைந்தது. வாழைச்சேனை தட்டுத்தடுமாறி ஓடியது, நின்றது, மீண்டும் இயக்கப்பட்டது. பழைய அளவுக்கு எழவில்லை.

இப்போது காங்கேசன்துறையை மீளத் திறப்பது பற்றிய பேச்சு வந்து வந்து போகிறது. ஊரில் அதற்கு ஒரே குரல் இல்லை. வேலை வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். சுண்ணக்கல்லைத் தோண்டினால் குடாநாட்டின் கிணற்று நீர் என்னவாகும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கல்லுக்குள்தான் எங்கள் நன்னீர் தேங்குகிறது. பழைய அகழிகள் இன்னும் மூடப்படவில்லை. பரந்தன் பெயரில் அரச நிறுவனம் ஒன்று தொடர்ந்து இயங்குகிறது. குடிநீர்ச் சுத்திகரிப்புக்கான குளோரினை அது வெளிநாட்டிலிருந்து இறக்கி விநியோகிக்கிறது.