போக்கருக்குக் கணக்கு எழுதியவரே போக்கரில் தோற்ற கதை!

போக்கரில் ‘பிளஃப்’ வெறும் துணிச்சல் இல்லை, கணக்கு என்று காட்டியவர் ஜான் வான் நியூமன். 1903-ல் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். இருவர் மோதும் ஆட்டத்தில், எதிராளி என்ன செய்தாலும் நம் நஷ்டத்தை ஓர் எல்லைக்குள் நிறுத்தும் வழி உண்டு என 1928-ல் நிரூபித்தார். 1944-ல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் எழுதிய புத்தகத்தில் போக்கருக்கென்றே தனிப் பகுதி. மோசமான சீட்டுக்கும் அவ்வப்போது பெரிதாகப் பந்தயம் கட்டணும். இல்லாவிட்டால் நல்ல சீட்டு வரும்போது எதிராளி உஷாராகிவிடுவார்.

சரி, மேஜையில் எப்படி? சுமார்தான் என்பார்கள். லாஸ் அலமாஸ் அணு ஆய்வுக்கூட சகா நிக்கோலஸ் மெட்ரோபோலிஸ் ஒருமுறை அவரிடம் 10 டாலர் ஜெயித்தார். 5 டாலருக்கு அதே புத்தகத்தை வாங்கி, மீதி 5 டாலரை உள்ளட்டையில் ஒட்டி வைத்தார்!

அப்போ தியரி தப்பா? இல்லை. ஒருநாள் தோல்வி சீட்டு விழுவதைப் பொறுத்தது. தவிர, தியரி தருவது பாதுகாப்பு மட்டுமே. நிஜ மேஜையில் ஒருவர் பயந்து விலகுவார். இன்னொருவர் எதற்கும் பணம் போடுவார். பயப்படுபவரிடம் அதிகம் பிளஃப் செய்யலாம். விடாமல் பணம் போடுபவரிடம் கூடவே கூடாது. இப்படிக் கணக்கிலிருந்து விலகினால் லாபம் கூடும். ஆனால் ஆளைத் தப்பாக எடைபோட்டால், அந்தப் பாதுகாப்பும் போச்சு.

நியூமன் 1957-ல், 53 வயதில் புற்றுநோயால் இறந்தார். இன்றைய போக்கர் சாஃப்ட்வேர்களுக்கும் அடித்தளம் அவர் கணக்குதான்.