கணிப்பொறி மேதை ஆலன் டூரிங்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர்)

கோவையை அடுத்த போத்தனூர் ஒரு பழைய ரயில் சந்திப்பு. அந்த ஊரில் 1881ஆம் ஆண்டு சாரா ஸ்டோனி என்னும் பெண்மணி பிறந்தார். அவருடைய தந்தையார் மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளராக விளங்கியவர். சாரா, மதராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த ஜூலியஸ் டூரிங்கை மணந்தார். இத்தம்பதியரின் இளைய மகனே, இன்று கணிப்பொறி இயலின் தந்தை எனப் போற்றப்படும் ஆலன் டூரிங். அன்னார் 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் லண்டனில் பிறந்தார். நம் ஊர்த் தண்ணீர் குடித்த தாயின் மகன் என்று நாம் சற்றே பெருமைப்பட்டுக்கொண்டால் தவறில்லை.

ஆனால் குழந்தை ஆலனுக்கு அந்தத் தாயின் அருகாமை அதிகம் கிட்டவில்லை. ஆலனையும் அவர் அண்ணனையும் இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் இந்தியாவில் பணியாற்றினர். சிறுவனின் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்குமாம். எனினும் மனவுறுதிக்குக் குறைவில்லை. 1926ஆம் ஆண்டு ஷெர்போர்ன் பள்ளியில் சேரப் புறப்பட்டபோது நாடெங்கும் வேலைநிறுத்தம், ரயில்கள் ஓடவில்லை. பதின்மூன்று வயதுப் பையன் சைக்கிளில் ஏறி, வழியில் ஒரு விடுதியில் இரவைக் கழித்து, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் மிதித்துப் பள்ளி வாசலில் வந்து இறங்கினான்! அப்பள்ளியில் கிடைத்த உயிர்த்தோழர் கிறிஸ்டோபர் மார்க்கம் 1930இல் காசநோயால் இறந்தார். அந்தத் துயரத்தில் ஆலன் தோழரின் தாயாருக்குப் பல கடிதங்கள் எழுதினார்.

1931இல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 22ஆம் வயதிலேயே அக்கல்லூரியின் ஆய்வறிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1936ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரைதான் அவருடைய புகழுக்கு அடித்தளம். அக்காலத்தில் ‘கம்ப்யூட்டர்’ என்றால் இயந்திரம் அன்று. தாளும் பென்சிலும் கொண்டு கணக்குப் போடும் மனிதர். அம்மனிதர் செய்வதை மிகச் சிறிய செயல்களாகப் பிரித்தால் என்ன எஞ்சும் என்று டூரிங் சிந்தித்தார். கட்டங்கள் போட்ட ஒரு நீண்ட நாடாவைக் கற்பனை செய்தார். இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டத்தைத்தான் பார்க்கும். அதில் ஒரு குறியை எழுதும் அல்லது அழிக்கும். பிறகு ஒரு கட்டம் இடமோ வலமோ நகரும். அவ்வளவுதான்!

இதை வாசிக்கையில், கணிப்பொறி வகுப்பில் ‘சி’ மொழியில் நாங்கள் கற்ற பாடம் நினைவுக்கு வராமல் போகாது. ‘சரத்தின் நீளம் காண்க’ என்பது பாடம். எழுத்துகளின் தொடரைச் சரம் என்கிறார்கள். பூச்சரத்துக்கு முடிச்சு இருப்பதுபோல எழுத்துச் சரத்துக்கும் இறுதியில் பூச்சியம் என்னும் முடிவுக் குறி உண்டு. ‘ரோஸ்’ என்னும் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினால் நான்கு எழுத்து. ஆனால் அதை வைக்க ஐந்து அறைகள் வேண்டும். ஐந்தாவது அறை அந்தப் பூச்சியத்துக்கு. நாம் சொல்லை ஒரே பார்வையில் பார்த்துவிடுகிறோம். கணிப்பொறிக்கு அது முடியாது. ‘ஸ்ட்ர்லென்’ என்ற கட்டளையைக் கொடுத்தால், முதல் அறையில் தொடங்கி, பூச்சியமா, இல்லை, ஒன்று; பூச்சியமா, இல்லை, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகும். பூச்சியத்தைக் கண்டதும் நிற்கும். அதைக் கணக்கில் சேர்க்காது. டூரிங்கின் இயந்திரம் நடந்த அதே நடைதான் இது. எல்லா இயந்திரங்களின் வேலையையும் செய்யவல்ல பொது இயந்திரம் ஒன்றையும் அவர் அக்கட்டுரையில் விளக்கினார். அதன் நாடாவில் கட்டளைகள் முடியும் இடத்தில் ஒரு தனிக் குறியை அவரும் இட்டுவைத்திருந்தார். டென்னிஸ் ரிச்சி பெல் ஆய்வுக்கூடத்தில் சி மொழியை உருவாக்கியது 1972ஆம் ஆண்டு வாக்கில்தான்.

முடிவுக் குறி இல்லாவிட்டால்? சி மொழியில் இயந்திரம் பக்கத்து அறைகளுக்குள்ளும் நுழைந்து, அங்குள்ளவற்றையும் எழுத்தென்று எண்ணிக்கொண்டே போகும். தவறான எண் வரலாம்; வேலையே முறிந்தும் போகலாம். எந்த இயந்திரத்தைக் கொடுத்தாலும் அது தன் வேலையில் எங்காவது சிக்கிக்கொள்ளுமா, கொள்ளாதா என்று முன்கூட்டியே சொல்லும் பொது வழி கிடையாது என்பதை டூரிங் அந்தக் கட்டுரையிலேயே நிறுவினார். கணிப்பொறி என்று ஒன்று உருவாவதற்கு முன்பே அதனால் முடியாததைக் கண்டவர் அவர்!

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ‘அம்மா’ என்பதற்கு மூன்று எழுத்து என்று முதல் வகுப்புக் குழந்தையும் சொல்லும். ஆனால் இன்று பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் எழுதி ஸ்ட்ர்லென்னைக் கேட்டால் 15 என்கிறது! அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று அறைகள். அது எண்ணுவது அறைகளை, நம் எழுத்துகளை அல்ல.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. டூரிங் பிளெட்ச்லி பார்க்கில் பகைவரின் மறைமொழியை உடைக்கும் இரகசியப் பணியில் சேர்ந்தார். ஜெர்மானியர் ‘எனிக்மா’ என்னும் பொறியால் செய்திகளைக் குழப்பி அனுப்பினர். அவர்களின் ராணுவச் செய்திகளில் முடிவுக் குறியை நம்பியிருக்கவில்லை. இத்தனை எழுத்துகள் என்று தலைப்பிலேயே எண்ணிக்கை வரும். ஒரு பகுதி 250 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. பிற்காலத்துப் பாஸ்கல் மொழியின் சில வகைகளும் இதுபோல் நீளத்தை முதல் அறையில் வைத்தன. அதனால் எண்ணவே வேண்டாம். ஆனால் அந்த ஓர் அறையில் 255க்கு மேல் எழுத முடியாது. சி மொழியிலோ அந்த வரம்பு இல்லை. எண்ணும் வேலைதான் மிச்சம்.

எனிக்மா எந்த எழுத்தையும் அதே எழுத்தாக மாற்றாது. செய்தியில் இருக்கலாம் என்று ஊகித்த சொல்லை மறைமொழியின் கீழே வைத்து, ஓர் இடத்திலாவது மேலும் கீழும் ஒரே எழுத்து வந்தால் அந்த இடத்தைத் தள்ளிவிட்டு ஓர் எழுத்து நகர்த்திப் பார்ப்பார்கள். போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் முன்பே காட்டிய வழியைப் பின்பற்றி, டூரிங் ‘பாம்ப்’ என்னும் பெரும் பொறியை வடிவமைத்தார். முதல் பொறி 1940 மார்ச்சில் வந்தது. இப்பொறிகளை இயக்கியவர்களில் பெரும்பாலோர் கடற்படை மகளிர்.

அங்கே ஜோன் கிளார்க் என்ற கணித மேதையும் இருந்தார். பெண் என்பதால் அவருக்கு ஊதியம் குறைவு. பதவி உயர்வு கொடுக்க விதியில் வழியில்லாததால் மொழி வல்லுநர் என்று பட்டியலிட்டார்களாம். அவருக்கோ வேறு மொழி எதுவும் தெரியாது! 1941இல் டூரிங்குக்கும் அவருக்கும் திருமணம் நிச்சயமாகிப் பின்னர் கைவிடப்பட்டது. நட்பு மட்டும் நீடித்தது.

டூரிங்கின் சைக்கிள் சங்கிலி அடிக்கடி கழன்றுவிடும். எத்தனை சுற்றுக்கு ஒருமுறை கழல்கிறது என்று எண்ணிவைத்து, அந்த நேரம் பார்த்து அதைச் சமாளித்தாரே தவிரக் கடைக்குப் போகவில்லை.

போருக்குப் பின் கணிப்பொறி ஒன்றை வடிவமைத்தார், மான்செஸ்டரில் பணியாற்றினார், 1951இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1952இல் மற்றோர் ஆணுடன் உறவு கொண்டிருந்தார் என்று அவர்மீது வழக்குத் தொடுத்தனர். அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் அது குற்றம். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் மருந்தை ஏற்கும்படி ஆயிற்று. நாட்டைக் காத்தவரிடமிருந்தே இரகசியப் பணிக்கான அனுமதியும் பறிக்கப்பட்டது. 1954 ஜூன் 7ஆம் நாள், 41ஆம் வயதில், சயனைடு விஷத்தால் இறந்தார். தற்கொலை என்றது விசாரணை. வேதியியல் சோதனையில் நேர்ந்த விபத்து என்றே தாயார் இறுதிவரை நம்பினார். போத்தனூரில் பிறந்த அந்த அன்னை மகனின் வரலாற்றை எழுதி 1959இல் வெளியிட்டார். போர்க்காலப் பணி அப்போதும் இரகசியமாகவே இருந்ததால், அவன் செய்த பெருஞ்செயலை அந்தத் தாயால் எழுத முடியவில்லை.

2009இல் பிரிட்டிஷ் பிரதமர் அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013இல் அரசியின் மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு, அவருடைய பிறந்தநாளன்று, அவர் உருவம் பொறித்த 50 பவுன் நோட்டு புழக்கத்துக்கு வந்தது. அந்த நோட்டில் ஒரு காகித நாடாவும் அச்சிடப்பட்டுள்ளது. அவர் பிறந்த தேதியாகிய 23061912 என்னும் எண், பூச்சியமும் ஒன்றுமாக அதில் எழுதப்பட்டிருக்கிறது. எண்ணிப் பார்த்தால் 25 இலக்கங்கள்.