லிப்டனின் கப்பல்

அக்கரப்பத்தனைப் பக்கம் லிப்டன் என்றால் தேயிலைப் பெட்டி. இல்லாவிட்டால் அப்புத்தளைக்கு மேலே சுற்றுலாப் பயணிகள் ஏறிப்போகும் 'லிப்டன் சீற்'. அந்த மனிதரிடம் ஒரு நீராவிக் கப்பல் இருந்ததும், அது முதலாம் உலகப் போரில் மூழ்கியதும் மலையகத்தில் அதிகம் பேசப்படாத கதை.

தோமஸ் லிப்டன் 1848இல் கிளாஸ்கோவில் பிறந்தார். பெற்றோர் பிழைப்புத் தேடி அயர்லாந்திலிருந்து வந்து, சின்னக் கடையொன்று வைத்திருந்தவர்கள். பையன் பதின்ம வயதிலேயே கிளாஸ்கோவுக்கும் பெல்பாஸ்ட்டுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பலில் எடுபிடி வேலைக்குப் போனார். சேர்த்த காசில் அமெரிக்கா போய் புகையிலைத் தோட்டத்திலும் நெல் வயலிலும் கூலிக்கு நின்றார். திரும்பி வந்து 1871இல் முதல் கடையைத் திறந்தார். இருபது ஆண்டுகளுக்குள் பிரித்தானியா முழுவதும் அவருடைய கடைகள்.

1890இல் இலங்கை வந்தார். கோப்பியை இலைநோய் தின்று முடித்து, தோட்டங்கள் மலிவாகக் கைமாறிக்கொண்டிருந்த நேரம். தம்பதென்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகர்களைத் தவிர்த்து, தேயிலையைச் சிறு பொதிகளாகக் கட்டித் தன் கடைகளிலேயே விற்றார். அதனால்தான் விலை குறைந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மலைக்கு நடந்து வந்து, கங்காணியின் கடனோடு லயத்தில் குடியேறியவர்களின் மலிவான உழைப்பும் அந்த விலைக்குள் இருந்தது. அமெரிக்காவில் கூலிக்கு நின்ற மனிதருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

1898இல் அவருக்கு சேர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு 'எரின்' என்ற நீராவிக் கப்பலை வாங்கினார். 1896இல் ஸ்கொட்லாந்தில், இத்தாலியச் செல்வந்தர் ஒருவருக்காக 'ஏகூசா' என்ற பெயரில் கட்டப்பட்டது அது. லிப்டன் வைத்த 'எரின்' அயர்லாந்தின் பழைய பெயர். அரச குடும்பத்தவரும் ஏறி விருந்துண்ட கப்பல். ஆனாலும் பிரித்தானியாவின் உயர்குடிப் படகுக் கழகம் கடைக்காரர் என்பதால் அவரைப் பல்லாண்டு சேர்க்கவில்லை. 1899 முதல் 1930 வரை ஐந்து முறை அமெரிக்கக் கிண்ணப் பாய்க்கப்பல் போட்டியில் தோற்றார். தோல்வியும் நல்ல விளம்பரமாகவே அமைந்தது.

1914இல் போர் வந்தது. அடுத்த ஆண்டு சேர்பியாவில் பேன் மூலம் பரவும் டைபஸ் காய்ச்சல் ஊர்களை வாரிக்கொண்டு போனது. சுமார் ஒன்றரை இலட்சம் பேர் இறந்தார்கள். பராமரிக்கப் போன மருத்துவர்களும் தாதியரும் அதில் அடக்கம். 'எரின்' விருந்துக் கப்பலாக இல்லாமல் மருத்துவக் குழுக்களையும் மருந்துகளையும் ஏற்றியது. அறுபதைத் தாண்டிய லிப்டன் தானும் கூடவே போய், நிஸ், பெல்கிரேட் நகரங்களின் நெரிசலான ஆஸ்பத்திரிகளைச் சுற்றினார். நிஸ் நகரம் அவரைக் கௌரவக் குடிமகனாக்கியது.

இதை வாசிக்கும்போது எனக்கு 2009இன் 'கிறீன் ஓஷன்' நினைவுக்கு வந்தது. புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கம் காயப்பட்டவர்களை ஏற்றிச் சென்ற கப்பல். வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்களும் அந்தப் போருக்குள் அகப்பட்டிருந்தன. காயப்பட்டவருக்கு ஒரு கப்பல் வருவது என்றால் என்ன என்று நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. லிப்டனின் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இருக்கும்போதே, அந்தப் பயணத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

பிறகு பிரித்தானியக் கடற்படை 'எரினை' எடுத்து, பழைய 'ஏகூசா' பெயரையே திரும்பச் சூட்டி ரோந்துக்கு அனுப்பியது. 1916 ஏப்ரல் இறுதியில் மால்ற்றாவுக்கு அருகே ஜேர்மன் நீர்மூழ்கி விதைத்த கண்ணியில் மோதி அது மூழ்கியது. மாலுமிகள் சிலரும் போனார்கள்.

லிப்டன் 1931 ஒக்ரோபர் 2ஆம் திகதி இறந்தார். அந்த ஆண்டுதான் படகுக் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டிருந்தது. திருமணம் செய்யாதவர். சொத்தின் பெரும்பகுதியைக் கிளாஸ்கோ நகரத்தின் ஏழைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் எழுதிவைத்தார். அவரைப் புதைத்ததும் அங்கேதான். தம்பதென்னத் தொழிற்சாலைக் கட்டடம் இன்னும் நிற்கிறது.