காலிக்கும் ஒரு கணக்கு உண்டு!

லேபில் டெக்ஸ்டைத் தேடவும் பிரிக்கவும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதுகிறோமே, அதில் வரும் நட்சத்திரக் குறி யார் கொடுத்த சொத்து தெரியுமா? ஸ்டீபன் கோல் க்ளேனி என்ற அமெரிக்கக் கணித மேதை கொடுத்தது.

1909 ஜனவரி 5-ல் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் பிறந்தவர். பிரின்ஸ்டனில் அலான்சோ சர்ச்சிடம் பயின்று 1934-ல் டாக்டர் பட்டம் பெற்றார். மறு வருஷமே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை. இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர்ந்து, கப்பல் செலுத்தும் கணக்குகளைச் சொல்லிக் கொடுத்தார்.

1951 கோடையில் ராண்ட் நிறுவனத்துக்காக ஓர் ஆராய்ச்சி. மூளை நரம்புகளைப் போல அமைந்த வலை, எந்தெந்த வரிசைகளை அடையாளம் காணும்? இதைச் சொல்ல அவர் அமைத்த குறியீடுதான் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு மூலம். 1956-ல் அச்சில் வந்தது. 1968-ல் கென் தாம்ஸன் அதை டெக்ஸ்ட் எடிட்டரில் பயன்படுத்திய முறையை வெளியிட்டார்.

இன்று நட்சத்திரம் என்றால் பூஜ்யம் தடவை அல்லது அதற்கு மேல். பூஜ்யம் தடவை என்றால் ஓர் எழுத்துகூட இல்லாத காலி ஸ்டிரிங். வேடிக்கை என்னன்னா, அந்தக் கட்டுரையில் க்ளேனியே காலியை ஒதுக்கிவிட்டார்! அவருடைய நட்சத்திரத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். இடப்பக்கத்து ஆள் எத்தனை தடவை வந்தாலும், வராமலே போனாலும், முடிவில் வலப்பக்கத்து ஆள் வந்தே தீர வேண்டும். அப்புறம் காலி எங்கே வரும்? பின்னால் வந்தவர்கள்தான் ஒரே பக்க நட்சத்திரமாக்கி, காலிக்கும் இடம் கொடுத்தார்கள்.

இதுல நமக்கென்ன என்கிறீர்களா? ஒரு வரியைக் கமாவில் பிரிக்கிறோம். இரண்டு கமா இருந்தால் மூன்று துண்டு, ஒரு கமா என்றால் இரண்டு, கமாவே இல்லையென்றால் ஒன்று. அப்படியானால் காலி ஸ்டிரிங்கைப் பிரித்தால்? அதுவும் ஒரு துண்டுதான், காலித் துண்டு! பைத்தானில் கமா கொடுத்துப் பிரித்தால் இப்படியே வரும். எதுவும் கொடுக்காமல் பிரித்தாலோ, துண்டே கிடையாது. சி மொழியின் ஸ்டிர்டோக் இன்னும் மோசம். அடுத்தடுத்த இரண்டு கமாவை ஒன்றாக விழுங்கிவிடும். மூன்று பேப்பரில் நடுப் பேப்பர் எழுதாதவனுக்கு 70, காலி, 85 என்று இருந்தால், 85 நடுப் பேப்பரில் போய் உட்காரும். பாஸ் ஃபெயிலே மாறிப்போகும்!

1990-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்ற க்ளேனி, 1994 ஜனவரி 25-ல் மேடிசனில் காலமானார்.

காலியாக இருப்பது வேறு, இல்லாமலே இருப்பது வேறு. அடுத்த புரோகிராமை எழுதி முடித்ததும், முதலில் ஒரு காலி வரியைக் கொடுத்துச் சோதியுங்கள் நண்பர்களே!